சாமிக்கு எத்தனை கை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்தை என் மகள் வாசித்துக் காட்டினாள். கடவுள் உண்டு என்கிறவர்கள் முதலில் கடவுள் என்றால் என்ன என்று வரையறுத்துச் சொல்லட்டும், சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லுக்கே பொருள் கிடையாது என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். உளி தீட்டிக்கொண்டே கேட்டேன். பாதியில் கையை நிறுத்தவேண்டி வந்தது. அவர் கேட்டிருப்பது எங்கள் பட்டறையில் தினமும் அடிபடுகிற விஷயம்.

நான் மயிலாடியில் கல்வேலை செய்கிறவன். அப்பாவிடம் உளி பிடித்துப் பழகி நாற்பது வருடம் ஆகப்போகிறது. வருகிற வேலையில் பாதி கேரளத்து வேலை. களியக்காவிளை தாண்டி வண்டி பிடித்து வருவார்கள். நாகர், பலிக்கல், கல்விளக்கு, பகவதி, சாஸ்தா என்று கேட்பார்கள். யார் வந்து சாமி வேண்டும் என்றாலும் நான் முதலில் கேட்பது, எத்தனை கை? நின்ற கோலமா, இருந்த கோலமா? கையில் என்ன? மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வேன். மானும் மழுவும் இருந்தால் சிவன். சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், ஆனால் அவை துர்க்கைக்கும் உண்டு, ஆகவே இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஆளை அடையாளம் காண இவ்வளவு போதும். தபால்காரருக்கு என் வீடு தெரியும், என் வயிற்றுவலி தெரியாது. அந்த மாதிரிதான்.

அளவும் உண்டு. தாலம் என்றால் ஒரு முக நீளம், தசதாலம் என்றால் பத்துத் தாலம். உத்தம தசதாலம் என்றால் உயரம் 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையார் ஐந்து தாலத்தில் அடங்கிவிடுவார். அந்தப் பங்குக்கு அங்குலம் என்று பெயர், ஆனால் கடையில் விற்கிற ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல. சிலை எவ்வளவு உயரம் வரப்போகிறதோ அதையே 124 ஆகப் பிரித்து, ஒரு பங்கைக் குச்சியில் குறித்துக்கொள்வோம். அந்தக் குச்சி அந்தச் சிலைக்கு மட்டும்தான், பக்கத்துச் சிலைக்கு உதவாது. சாமியை அந்தச் சாமியைக் கொண்டேதான் அளக்கிறோம். அன்பர் கடை ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் அவரை அப்படி எளிதாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. எங்கள் ஆட்கள் செய்திருப்பதையும் பாருங்கள். திருக்குறள் முதல் அதிகாரத்தில் 'தனக்குவமை இல்லாதான்' என்று ஏழாம் குறளில் சொல்லிவிட்டு, ஒன்பதாம் குறளில் 'எண்குணத்தான்' என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. சரி, அந்த எட்டு எது? பரிமேலழகர் சைவாகமப்படி எட்டு குணத்தை அடுக்குகிறார். அணிமா முதலான எட்டு என்பாரும் உண்டு, கடையிலா அறிவு முதலான எட்டு என்பாரும் உண்டு என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கை தெரிந்த பிறகும் எந்த எட்டு என்று முடியவில்லை.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் திருப்பதிசாரம் இருக்கிறது. நம்மாழ்வாருடைய அம்மை பிறந்த ஊர் என்று சொல்வார்கள். ஆழ்வாரும் கடவுளைச் சொல்லிப் பார்க்கிற இந்த வேலையில் இறங்கிப் பார்த்திருக்கிறார். ஆண் அல்லன், பெண் அல்லன், உளன் அல்லன், இல்லை அல்லன் என்று சொல்லிக்கொண்டே போய், 'கோணை பெரிதுடைத்து எம் பெம்மானைக் கூறுதலே' என்று முடித்துவிட்டார். கோணை என்றால் கோணல், சிக்கல். கல்லில் கோணல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் நிமிர்த்தினால் இன்னொரு பக்கம் சாயும்.

கல்லறைக் கல்லும் நாங்கள் வெட்டுகிறோம். 1806ல் ரிங்கல்தௌபே பாதிரியார் வந்து வேலை தொடங்கிய ஊர் இது, ஆகவே புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள் அதிகம். ஒரு தடவை கத்தோலிக்க வீட்டுக் கல்லில் பழக்கத்தில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று வெட்டிவிட்டேன். எங்கள் வழக்கம் இது இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு பலகைக் கல் நஷ்டம். மகள் சொல்லித்தான் தெரியும், தமிழில் வேதம் வந்த காலத்திலிருந்தே இந்தத் தகராறு உண்டாம். சருவேசுரன் என்றார்கள், பராபரன் என்றார்கள், தேவன் என்றார்கள், இப்போது கடவுள் என்கிறார்கள். முஸ்லிம் கல்லறைக்கு வைக்கிற மீசான் கல் வெட்ட வருகிறவர்களிடம் இந்தத் தொல்லையே இல்லை. உருவம் கிடையாது, எழுத்து மட்டும்.

அன்பர் அயர் என்ற இங்கிலாந்துத் தத்துவக்காரரைத் துணைக்கு அழைத்திருந்தார். சுசீந்திரத்தில் தாணு, மால், அயன் மூன்று பேரும் ஒரே லிங்கம் என்று கேட்டு வளர்ந்தவன் நான், முதலில் அந்த அயனோ என்று நினைத்தேன். மகள் கல்லூரியில் படித்ததைச் சொன்னாள். கடவுள் உண்டு என்பதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாததால் அது பொருளற்ற பேச்சு என்று 1936ல் அவர் எழுதினாராம். கடவுள் இல்லை என்பதும் அதே அளவுக்குப் பொருளற்றது என்றும் அவரே சேர்த்து எழுதியிருக்கிறாராம். உங்கள் வாசகர் அந்தப் பாதியை விட்டுவிட்டார்.

1936 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதே வருடம் நவம்பர் 12ஆம் தேதிதான் இங்கே திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது, எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்கிற ராஜாவின் உத்தரவு. அப்போது எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான், 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1926ல், சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க விடுங்கள் என்று சத்தியாகிரகம் இருந்தார்கள். உள்ளே போவதற்கு அல்ல, தெருவில் நடப்பதற்கு. இறைவன் சொல்லுக்கு அடங்காதவன் என்று பாடிவிட்டு, அதே வாயால் இன்னார் கிட்டே வந்தால் அவனுக்குத் தீட்டு என்றும் சொன்னார்கள். தீட்டுப்படக்கூடியவன் என்பது வரையறை இல்லையா? ராஜா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதும் அந்த வரையறை போய்விட்டது. சாமி அதே இடத்தில்தான் இருந்தார். அன்பர் கோபப்பட வேண்டியது இதற்குத்தான். வரையறுக்கத் தெரியாதவர்களை எனக்குப் பயமில்லை, காரியம் என்று வந்தால் அங்குலக் கணக்கில் சொல்கிறவர்களைத்தான் பயம்.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மருந்துவாழ்மலையில் தவம் இருந்தவர் கேரளத்து ஞானி நாராயண குரு. 1888 சிவராத்திரியில் அருவிப்புறத்தில் நெய்யாற்றுக்குள் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவன் என்று வைத்தார். உளி படாத கல், தாலம் இல்லை, அங்குலம் இல்லை. 1927ல் களவங்கோட்டில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்தார். அவருக்கு எத்தனையோ வருடம் முன்பே வைகுண்டரைப் பின்பற்றுகிற சாமித்தோப்பு அய்யா வழிக்காரர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார்கள். அவர்கள் என்னிடம் வாங்குவது வாசல்படிக்கல் மட்டும். தொழிலுக்கு நஷ்டம்தான்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். இரண்டு வருடம் முன்பு பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஜீப்பில் வந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், கூட எண்பது வயதுக்கு மேல் ஒரு பாட்டி. சாக்கைப் பிரித்து ஒரு கல்லை எடுத்து வைத்தார்கள். முழங்கால் உயரம், எண்ணெய் ஏறிக் கறுத்து, முகம் கை ஒன்றும் தெரியாமல் வழுவழு என்று தேய்ந்திருந்தது. அவர்கள் குடும்பக் காவில், அதாவது சாமி இருக்கிற மரத்தோப்பில், இருக்கிற அம்மை. சாமியின் விருப்பத்தைச் சோதிடத்தில் கேட்கிற தேவப்பிரசனம் வைத்துப் பார்த்ததில் புதுசாகப் பிரதிஷ்டை செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

வழக்கம்போலக் கேட்டேன், எத்தனை கை? மூத்தவர் நாலு என்றார், துர்க்கை என்று பிரசனத்தில் வந்ததாம். நடுவுள்ளவர், இல்லை அண்ணாச்சி, பத்ரகாளி, எட்டு கை என்றார். அரைமணி நேரம் சண்டை. பாட்டி ஒன்றும் பேசவில்லை. "அம்மைக்கு என்ன பேரு பாட்டி?" என்று கேட்டேன். "அம்மை," என்றாள். "எப்படி இருப்பா?" கொஞ்சம் யோசித்தாள். "முன்கோபி. விளக்கு வைக்க நேரம் தப்பினா பிணங்குவா. கேட்டா தருவா, உடனே தரமாட்டா." அவ்வளவுதான். அப்புறம் கல்லின் உச்சியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள். அறுபது வருடமாகத் தினமும் எண்ணெய் தொட்டுவைத்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது, விரல் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. "இது வேணும், மோனே," என்றாள்.

சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை. அம்மன் தலையில் கிரீடம் வரும், பள்ளம் வராது. பிரதிஷ்டை செய்கிற பூசாரியான தந்திரி தந்த, சாமியின் உருவத்தைச் சொல்கிற தியான சுலோகப்படி நாலு கை துர்க்கை செய்து கொடுத்தேன். அழகாக வந்தது, நானே சொல்லக்கூடாது. பிரதிஷ்டை முடிந்ததும் பழைய கல்லை ஆற்றில் விட வேண்டும் என்று முறை. பாட்டி விடமாட்டேன் என்று விட்டாள். வீட்டிலும் வைக்கக்கூடாது, ஆற்றிலும் விட முடியவில்லை. கடைசியில் ஆசாரியிடம் இருக்கட்டும் என்று மறுபடி சாக்கில் சுற்றி என் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆற்று மணலைக் கொஞ்சம் பரப்பி மூலையில் வைத்திருக்கிறேன். எனக்கு அது துர்க்கையா காளியா தெரியாது. தொழில்முறையில் பார்த்தால் தேய்ந்துபோன ஒரு கல். போன வாரம் புதிதாக வேலைக்கு வந்த பையன் உளி தீட்டுகிற தண்ணீர் வாளியை அதன் மேல் வைத்தான். "எடுடே அதை," என்று சத்தம் போட்டுவிட்டேன். "ஏன் அண்ணாச்சி, சாமியா?" என்றான். நான் சுத்தியலைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் வாளியை எடுத்து, ஈரத்தைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

இப்படிக்கு,
கல்லாசாரி ஒருவர்,
மயிலாடி, கன்னியாகுமரி மாவட்டம்.