ரேனம் மாளிகையின் பழுப்பு உடைச் சீமாட்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தா வீட்டை வாங்க வந்தவர்கள், பின்கட்டு அறையைப் பற்றி ஊரார் சொன்னதைக் கேட்டுவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதாக எழுதியிருந்தாய். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடியும் படிக்க முடிகிறது. முதலில் எடுத்துப் படித்தது, நார்விச்சில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது காதில் விழுந்த ரேனம் மாளிகையின் கதையை. உன் சங்கடத்துக்கும் அது பொருந்தும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், சர் ரோஜர் டவுன்சென்ட் 1619-இல் கட்டத் தொடங்கிய செங்கல் மாளிகை அது. அந்தக் குடும்பத்தில் வந்த சார்லஸ் டவுன்சென்ட், தன் மைத்துனரும் பிரதமருமான ராபர்ட் வால்போலுடன் மனம் கசந்து 1730-இல் பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பினார். கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்ற தீவனப்பயிர் என மாற்றி மாற்றிப் பயிரிட்டால் நிலத்தைத் தரிசாகப் போடவும் வேண்டாம், கால்நடைகளுக்குக் குளிர்காலத் தீவனமும் கிடைக்கும் என்று ஊக்கத்தோடு பரப்பினார். 'டர்னிப் டவுன்சென்ட்' என்ற பட்டப்பெயர்தான் அவருக்கு மிஞ்சியது. வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததோ, அவருடைய இரண்டாம் மனைவியின் ஆவி.

அந்த அம்மாள் டோரத்தி, வால்போலின் தங்கை. 1713-இல் மணமாகி 1726-இல் இறந்தார். திருமணத்துக்கு முன் வார்ட்டன் பிரபுவோடு அவருக்கிருந்த உறவு தெரியவந்ததும் கணவர் அவரை அறையில் பூட்டி வைத்தார், பிள்ளைகளைக்கூடப் பார்க்க விடவில்லை, அந்த ஏக்கத்திலேயே உயிர் போயிற்று என்பது கதை. மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் மரணத்துக்குக் காரணமாகப் பதிவாகியிருப்பது பெரியம்மை. மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி துருக்கியில் கண்டுவந்த அம்மை குத்தும் முறையைத் தன் மகளுக்கு லண்டனில் செய்வித்தது 1721-இல். டோரத்தி இறப்பதற்கு வெறும் ஐந்தாண்டு முன்பு. எனக்கு இதுதான் பூட்டிய அறையைவிடத் துயரமாகப் படுகிறது.

ஆவியைக் கண்டதாகப் பலரும் எடுத்துச் சொல்லும் முதல் நிகழ்ச்சி 1835 கிறிஸ்துமஸ் விருந்தில் நடந்தது. லாஃப்டஸ் என்ற கர்னல், பழுப்புநிறப் பட்டாடை உடுத்திய, கண்குழிகள் வெறுமையாயிருந்த ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார். டோரத்தி இறந்து அப்போது 109 ஆண்டுகள்! அடுத்த ஆண்டு, நாவலாசிரியரும் கடற்படைக் கேப்டனுமான மாரியட் அங்கே தங்கியபோது, கையில் விளக்கோடு வந்த உருவம் தன்னைப் பார்த்து இளித்ததும் துப்பாக்கியால் சுட்டார் என்றும், குண்டு உருவத்தை ஊடுருவி எதிர்க்கதவில் பாய்ந்தது என்றும் சொல்கிறார்கள். இதை அச்சில் எழுதியவர் அவருடைய மகள் ஃப்ளாரன்ஸ், எழுதியது 1891-இல். துப்பாக்கி வெடித்த ஆண்டில் அந்தக் குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியிருந்தாலே அதிகம்.

பிறகு வந்தது புகைப்படம். 1936 செப்டம்பர் 19 அன்று ப்ரோவண்ட், இந்த்ரே ஷிரா என்ற இருவர் மாளிகையின் மாடிப்படியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முகத்திரையிட்ட உருவம் ஒன்று இறங்கி வருவதைக் கண்ட ஷிரா, கத்திக்கொண்டே ஒளிவிளக்கைச் சொடுக்கினாராம். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ப்ரோவண்டோ, படம் எடுத்து முடித்த பிறகு, எதற்கு இத்தனை பரபரப்பு என்று கேட்டாராம். 'கன்ட்ரி லைஃப்' இதழ் படத்தை வெளியிட்டது டிசம்பர் 26-இல். பண்டிகைக் காலத்தில் பேய்க்கதை கேட்பது அந்நாட்டார் வழக்கம் என்பதை நினைத்துக்கொள்.

என் மகள் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தாள். புதுக்கண்ணோடு பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். இருண்ட கைப்பிடிகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைத் துணியை உலுக்கித் தொங்கவிட்டாற்போல ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை, உடலுக்குப் பின்னே படிகள் தெரிகின்றன. படிகளின் விளிம்புக்கு மேல் தெரியும் வெளிறிய கோடுகளைக் காட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த இரண்டு படங்கள் இவை என்று விவரமறிந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அன்றிரவு மாடி விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

இப்போது உன் பின்கட்டுக்கு வருகிறேன். அங்கே யார் இறந்தார்கள் என்பதைவிட, அந்தக் கதை முதலில் எந்த ஆண்டில், யார் வாயிலிருந்து வந்தது என்று விசாரி. நாம் பள்ளி விடுமுறையில் அதே அறையில் பாய் விரித்துப் படுத்த நாளில் அப்படி ஒரு பேச்சு இருந்ததாக எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கிறதா?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்