சபைகளே, முதலில் உங்கள் ஊழியர்களுக்குச் சொல்லுங்கள்

வவுனியா மாநகர சபையினதும் வன்னியிலுள்ள பிரதேச சபைகளினதும் முதல்வர், தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரை நாங்கள் தெரிவு செய்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. வீதி விளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தோம். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், அதனால்தான் சபையின் முடிவுகளை ஊழியருக்கும் சனத்துக்கும் நேரத்தோடு சொல்லுங்கள் என்று கேட்க இந்த மடல்.

எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை உழவு இயந்திரம் வரும் நாள் ஒருமுறை மாறியது. யாருக்கும் தெரியாது. உழவு இயந்திரப் பெட்டியில் நின்ற தம்பியிடம் கேட்டால், "காலமைதான் எங்களுக்கே சொன்னவை அக்கா" என்றார். சனத்தின் ஏச்சை முழுக்க வாங்குவதும் அவர்தான். சபையில் சனம் அன்றாடம் பார்க்கிற முகங்கள் குப்பை எடுப்பவர், சோலைவரி (வீடு, காணிக்கான வரி) வாங்கும் எழுதுவினைஞர், நூலகப் பொறுப்பாளர், தண்ணீர்ப் பவுசர் சாரதி ஆகியோருடையவை. முடிவு எடுத்த அன்றே காரணத்தோடு அவர்களுக்குச் சொல்லிவிட்டால், பாதிச் செய்தி தானாகவே ஊருக்கு வந்துவிடும். வருடக்கணக்கில் அமைய (தற்காலிக) ஊழியராக நிற்பவர்களுக்கு நிரந்தர நியமனம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தன் வேலையின் கதியே தெரியாதவர் சனத்துக்கு எதை நம்பிச் சொல்வார்?

அடுத்தது வேலை தேடும் பிள்ளைகள். ஒரு சபையின் வெற்றிட அறிவித்தலை என் உறவுக்காரப் பிள்ளை வாட்ஸ்அப்பில் பார்த்தபோது முடிவுத் திகதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சரிவாக எடுத்த படம், கீழ் வரி வெட்டுப்பட்டிருந்தது. துணுக்காய்ப் பக்கமிருந்து பஸ் ஏறி, சான்றிதழ்களுக்குப் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. தெரிவாகவில்லை என்றால் அதையாவது சொல்லலாமே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலேயே வந்துவிட்டது. அதன்படி கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு வேலை விண்ணப்பத்தின் முடிவை அறிய அந்தப் பிள்ளை சட்டத்தைத் தூக்க வேண்டுமா? ஒரு குறுஞ்செய்தி போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அறிவித்தலைப் படமாக மட்டும் போடாதீர்கள், எழுத்தாகவும் போடுங்கள். போரில் கண்பார்வை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எழுத்தாக இருந்தால் கைத்தொலைபேசி அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும், படமாக இருந்தால் பெரும்பாலும் காட்டாது. பகல் முழுக்க வயலிலும் கடலிலும் நிற்பவர்களுக்கு முகநூல் போதாது. அவர்களுக்குச் சனசமூக நிலையம், உப தபாலகம், மீனவர் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று இடங்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர்ப் பவுசர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்பதை அங்கே ஒரு தாளில் ஒட்டினால் வெயிலில் வாளியோடு யாரும் காத்து நிற்க மாட்டார்கள். அப்புறம், வவுனியா மாவட்டத்தில் சிங்களம் பேசும் அயலவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவர்களின் மொழியில் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால் எங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும்.

இதில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி தேவையில்லை. அடுத்த மாதாந்த அமர்வில் மூன்று விடயங்களைத் தீர்மானமாக எடுங்கள்: முடிவுகள் அன்றே ஊழியருக்குப் போக வேண்டும், ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் பதில் போக வேண்டும், ஒவ்வொரு அறிவித்தலின் கீழும் யாரைக் கேட்பது என்று பதவியும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் யாராவது எடுக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்து வரியிறுப்பாளர் ஒருத்தி