காய்ந்த சட்டையைக் கவனித்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். மாட்டியாச்சு! மேலேயும் கீழேயும், கழற்ற வேண்டாத பல். முறுக்கு கேட்டேன். கடினமானது இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அம்மா இட்லிதான் வைத்தார்.

பிறவியிலேயே பல் முளைக்காத என் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா (பல், முடி, தோல், வியர்வைச் சுரப்பி சரியாக உருவாகாத பிறவிக் குறை) என்றால் பல் மட்டுமா பிரச்சினை? எனக்கு வியர்க்கவும் வியர்க்காது, அதனால் உடம்புச் சூடு தணியாது. அது பலருக்கு மறந்துவிடும். சித்திரை வெயிலில், ஃபேன் ஓடாத கூடத்தில் ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா என் முன்னால் நின்றுவிட்டார்.

"எல்லார் சட்டையும் தொப்பலா நனைஞ்சிருக்கு, உன்னுது மட்டும் காஞ்சு கெடக்கே தம்பி? மூஞ்சி வேற செவந்து போச்சு."

நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து என் கழுத்தில் போட்டுவிட்டார். வரிசையில் இருந்தவர்களிடம் பேசி என்னை முதலில் உள்ளே அனுப்பியதும் அவர்தான். அதற்குப் பிறகு நான் போகும் நாளெல்லாம் ஈரத்துண்டு தயாராக இருந்தது. காசு நீட்டினால் திட்டு விழும்.

பல் முளைக்காத தாடையில் எலும்பும் தடிக்காது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, பல்லைத் தாங்கும் டைட்டானியத் திருகுகள் அதோடு பிடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், பல் செய்த லேப் அண்ணன்களுக்கும், பணம் திரட்டிய நண்பர்களுக்கும், லீவு தந்த மேனேஜருக்கும் நன்றி. நான் பயந்து நின்றபோது என் டாக்டர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். 1965இல் ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற டாக்டர் முதன்முதலாகத் திருகு பொருத்திய யோஸ்டா லார்சன், அவரும் பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவராம். 2006இல் இறக்கும்வரை அந்தத் திருகுகள் உழைத்தன. அதைக் கேட்டபிறகுதான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

தங்கை மகனுக்கும் இதே குறைதான். தாடை வளர்ந்து முடியும்வரை அவனுக்குப் பெரும்பாலும் பல்செட்தான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் துண்டும் தண்ணி பாட்டிலுமாக நான் கூடப் போவேன்.

அக்கா போட்டோ வேண்டாம், பேரும் போடாதே என்றுவிட்டார். அவரிடம் வாட்ஸ்ஆப்பும் கிடையாது. அந்தக் கூடத்துப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.