இலையைப் பார்த்துப் பரிமாறியவர்களுக்கு

ஏற்காட்டில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி முகாம் நடத்தி, எங்களை உட்கார வைத்து உபசரித்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

போன டிசம்பரில் நாங்கள் 18 பேர், சேலத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அந்த எஸ்டேட் வீட்டு வாசலில் இறங்கினோம். பாதிப் பேருக்குத் தலை சுற்றல். பயிற்சி என்றால் முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அப்புறம் ஒரு ஃபைல், ஒரு பேனா. அதுதான் எங்களுக்குப் பழக்கம். நீங்கள் ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காபியைக் கையில் கொடுத்து, "முதல்ல உட்காருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். வழியில் இரண்டு முறை வேனை ஓரம் கட்டி, எங்கள் ஆசிரியை ஒருவர் முகம் கழுவித் தெளியும்வரை பொறுமையாக நின்ற ஓட்டுநர் அண்ணனுக்கும் அந்த உபசாரத்தில் பங்கு உண்டு.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர் ஆவதற்கு பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும். கல்லூரிக்கு முதுகலையோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லையென்றால் முனைவர் பட்டம். பாடம் நடத்தத் தெரியுமா என்பது அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கால அட்டவணையைக் கையில் கொடுத்து, மாடியில் ஒரு வகுப்பறையைக் காட்டினார்கள். அவ்வளவுதான். கல்லூரி ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஏற்றுக்கொண்டது. அதற்கென்று நாடெங்கும் மையங்களும் வந்தன. அவற்றில் கற்றுத் தேறியவர்கள் என் துறையிலேயே இருக்கிறார்கள். ஆனால் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டுமே என்று ஓடுகிற ஓட்டத்தில், உனக்கு என்ன பசி என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

நீங்கள் கேட்டீர்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, "உங்க வகுப்புல எது நடக்க மாட்டேங்குது?" என்ற ஒரே கேள்வி. மலைக்கு வந்து பார்த்தால் எங்கள் 18 பதில்களும் சுவரில் இருந்தன, பெயர் இல்லாமல். மூன்று நாள் நிகழ்ச்சியும் அவற்றை வைத்துத்தான் போட்டிருந்தீர்கள். நம் பக்கக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க ஒருவர் நிற்பார். அவர் கையில் வாளியோ கரண்டியோ இருக்காது. எந்த இலையில் எது தீர்ந்தது, யார் கேட்கக் கூச்சப்பட்டுத் தலை குனிந்து இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடப்பார். அந்த வேலையை எங்களுக்காக நீங்கள் செய்தீர்கள்.

நான் எழுதியிருந்த பதில் இது: "கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை." அதைப் படித்த ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியை, எங்கள் எல்லோருக்கும் அம்மா, பிப்ரவரியில் சேலத்துக்கே இறங்கி வந்தார். வருவதற்கு முன்பு, "உன் வகுப்புக்கு நான் விருந்தாளியா வரட்டுமா கண்ணு? நீ வேண்டாம்னா வரல" என்று கேட்டார். என் 11 வருட அனுபவத்தில் வகுப்புக் கதவைத் தட்டி அனுமதி கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆய்வுக் குழு வந்து உட்கார்ந்தால் முதுகு விறைக்கும். அன்று அப்படி இல்லை. வீட்டுக்கு வந்த பெரியவருக்கு இருப்பதைப் போடுகிற மாதிரி, எப்போதும் நடத்துவதையே நடத்தினேன்.

சாயங்காலம் அஸ்தம்பட்டியில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: "பந்தியில சாம்பார் வாளிக்காரர் 'போதுமா'ன்னு கேட்டுட்டு, நாம கையத் தூக்கறதுக்குள்ள அடுத்த இலைக்குப் போயிடுவாரு பாரு, நீயும் அப்படித்தான் போற." கேள்வி கேட்டு ஒரு நொடியில் நானே பதிலும் சொல்லிவிடுகிறேனாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர்களின் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள்.

அடுத்த வாரம் கடின நீர் பாடம். சோப்பு ஏன் நுரைக்கவில்லை என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். மூன்று நொடி இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவது நொடியில், முதல் செமஸ்டரிலிருந்து ஒரு வார்த்தை பேசியிராத பெண் எழுந்தாள். "சார், உப்புத் தண்ணியில சாயமும் சரியா ஏறாதுன்னு எங்கப்பா சொல்வாரு. அதுவும் இதுதானா?" அப்பா சாயப் பட்டறையில் வேலை செய்கிறவர். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துபோவதை நான் சொல்லி முடிப்பதற்குள், தறி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் கை தூக்கிவிட்டார்கள். அன்று மணி அடித்ததே எனக்குக் கேட்கவில்லை.

அந்த மூன்று நாளும் என் வகுப்புகளை எடுத்துக்கொண்ட துறை நண்பர்களுக்கும், பணி அனுமதி கொடுத்துவிட்டு அறிக்கை கேட்காமல் "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்ட முதல்வருக்கும் நன்றி. குளிரில் விடியற்காலையிலேயே எழுந்து அடுப்பு மூட்டிய அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா, உங்கள் அரிசிம்பருப்புச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டேதான், எனக்குத் தெரியாதவற்றையெல்லாம் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ள முடிந்தது. மற்ற ஆசிரியர்களும் அப்படியே மனம் விட்டுப் பேசியது அந்த அடுப்படியில்தான்.

கிளம்பும்போது நீங்கள் மலை ஆரஞ்சு நிரப்பிக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார் என் அம்மா. மல்கோவா வரத்து தொடங்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த எங்கள் துறைத் தம்பியையும் கூட்டி வருகிறேன். அவர் வகுப்பில் எது நடக்க மாட்டேன் என்கிறது என்று நீங்களே கேளுங்கள்.