செயலாளர் ஆண்டறிக்கை 2025: பிக்கப் மேசையும் விமான அலுமாரியும்

தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் என் அறிக்கை நீண்டு, வடை ஆறிப்போய்விட்டது என்று குறை வந்தது. ஆகவே இம்முறை கணக்கு முழுவதையும் பொருளாளரிடமே விட்டுவிட்டேன். மாதக் கூட்டங்களில் நவம்பர் மாதத்தது மட்டும் நடக்கவில்லை. டித்வா புயல் வந்த கிழமை, கிட்டாரை நினைக்கும் நிலையில் மட்டக்களப்பில் ஒருவரும் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்பது: கிட்டார் பிக்கப் சுற்றுகிறவர்களும் பழைய போர் ஜெட்டுகளில் பைத்தியமானவர்களும் எப்படி ஒரே சங்கத்தில்? காரணம் வாடகைதான். மாடல் ஒட்டுகிறவர்களுக்கும் வெளிச்சமான மேசை வேண்டும், நமக்கும் வேண்டும். அறை ஒன்று, சோல்டர் அயன் ஒன்று, ஃபேன் ஒன்று. அந்த ஃபேனை எந்தப் பக்கம் திருப்புவது என்ற சண்டை இந்த வருடமும் தீரவில்லை.

பிக்கப் பெரிய மர்மம் இல்லை. மின்கிட்டாரின் தந்தி அதிர்வை அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பாகம்தான். ஆறு அல்னிகோ காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி மயிர் போன்ற எனாமல் பூசிய செப்புக் கம்பி ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. மேலே உருக்குத் தந்தி அதிர, காந்தப்புலம் அசைந்து கொயிலில் மின் பிறக்கிறது. நம் சுற்றும் மெசின் பழைய தையல் மெசின் மோட்டரில் ஓடுகிறது. எண்ணுவதற்கு ஒரு மலிவுக் கல்குலேட்டர். அதன் சமன் பொத்தானில், காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் ஒன்றைப் பற்றவைத்து, சுழலும் தட்டில் சின்னக் காந்தம் ஒட்டியிருக்கிறோம். ஒன்று கூட்டல் ஒன்று என்று அடித்துவிட்டால் அது தன்பாட்டில் எண்ணிக்கொண்டு போகும். கம்பி அறுந்தால் எண்ணிக்கை நிற்காது, சுற்றுகிறவரின் முகம்தான் மாறும்.

ஆனி மாதம் வெளிநாட்டுக் கடையொன்றிலிருந்து 42ஆம் நம்பர் கம்பி வந்தது. நம்பர் கூடக் கூடக் கம்பி மெல்லிசு, தடையும் கூட. தம்பி ஒருவர் எட்டாயிரம் சுற்றுச் சுற்றி மீட்டரை வைத்தார். தடை ஆறு கிலோ ஓம் காட்ட வேண்டியது எட்டுக் காட்டியது. மீட்டர் பிழை என்றார்கள், கல்குலேட்டர் பிழை என்றார்கள், கடைசியில் வெயில் என்றார்கள். வெயிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. செப்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் ஏறும். புத்தகத்தில் இருப்பது 20 பாகைக் கணக்கு, நம் அறையோ 32. அப்படிப் பார்த்தாலும் ஆறு, ஆறேகாலைக் கொஞ்சம் தாண்டுமே தவிர எட்டாகாது.

அடுத்த கிழமை நம் ஃபேன் வைண்டிங் அண்ணன் மைக்ரோமீட்டரோடு வந்தார். அளந்தால் 0.063 மில்லிமீட்டர். 42ஆம் நம்பருக்கு அதுதானே அளவு என்று எல்லோரும் ஆறுதலானோம். அவர் ஒன்றும் பேசாமல் கம்பி நுனியை நெருப்புக்குச்சிக்கு மேல் ஒரு கணம் காட்டி, கரியைத் துணியால் துடைத்துத் திரும்ப அளந்தார். 0.056. நாங்கள் முதலில் அளந்தது எனாமலோடு சேர்த்து. கடைக்காரர் அனுப்பியது 43. பணம் திரும்பவில்லை, மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆனால் டெலிகாஸ்டர் கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு வழமையாகப் போடுவது 43தான். எனவே அந்தச் சுருள் முழுவதும் கழுத்துப் பிக்கப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. தேவையானவர்கள் பெயர் தரலாம்.

இந்த வருடம் என் மனதுக்குப் பிடித்த வேலை ஒரு பறங்கி அங்கிளின் கிட்டார். 1978ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னிருந்தே கலியாண வீடுகளில் பைலா வாசித்த கிட்டார். நடுப் பிக்கப் செத்துப் பல வருடம். மூடியைக் கழற்றினால் கொயிலின் உட்பக்கத்தில் பாசி போலப் பச்சை. கம்பியை நேரடியாகக் காந்தத்தின் மேல் சுற்றியிருந்தார்கள். நம் கடற்காற்றுக்கு காந்தம் துருப்பிடித்து, எனாமலைத் தின்று, செப்பை அறுத்துவிட்டது. அறுந்தது ஆக உள்சுற்றில் என்பதால் முழுவதையும் வெட்டி எறிய வேண்டியதாயிற்று. புதிதாகச் சுற்றுமுன் காந்தங்களுக்கு இரண்டு தரம் லாக்கர் பூசினோம். இந்த ஊரில் சுற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

மறுகா மெழுகு. நாலு பங்கு மெழுகுதிரி, ஒரு பங்கு தேன்மெழுகு, கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து 65 பாகையில் உருக்கி, கொயிலை அமிழ்த்திக் குமிழி வருவது நிற்கும்வரை காத்திருப்பது. மெழுகு ஏறாத கொயிலில் கம்பிகள் தளர்ந்து ஆடும். விரலால் தட்டினாலும் பேசினாலும் அம்ப்ளிஃபயரில் கேட்கும், சத்தத்தைக் கூட்டினால் கூவத் தொடங்கிவிடும். அங்கிள் வாசித்துப் பார்த்துவிட்டு, “மனே, இது பழைய சத்தம் இல்லை. நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய சத்தம் இல்லை” என்றார். காசை மட்டும் பழைய விலைக்குத் தந்தார்.

கல்லடி வாவியில் பாடும் மீனைப் பதிவு செய்யும் முயற்சி தோல்வி. காந்தப் பிக்கப் தண்ணீருக்குள் எதையும் கேட்காது என்பதால் பஸர் ஒன்றில் இருக்கும், அதிர்வை மின்னாக்கும் பீசோ தட்டைச் சிலிக்கனால் மூடி இறக்கினோம். பௌர்ணமி இரவு, பழைய பாலத்தடி. கேட்டதெல்லாம் தோணி எஞ்சினும் படகுக்காரரின் இருமலும்.

இனி விமானப் பக்கம். இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

செப்டெம்பர் 26ஆம் திகதி சண்டிகாரில் இந்திய விமானப்படை தன் மிக்-21களுக்கு விடை கொடுத்தது. 1963இலிருந்து பறந்தவை. அதையொட்டி நம் மூத்த உறுப்பினர் ஒரு மாலைப் பேச்சு வைத்தார். பேச்சு நல்ல பேச்சு. பிரித்தானியப் போர் ஜெட்டான ஹோக்கர் ஹன்டர் 1951 யூலை 20 முதன்முதல் பறந்தது, 1953 செப்டெம்பர் 7 நெவில் டியூக் அதில் மணிக்கு 1,171 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்தது, அடுத்த வருடமே ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் கடைக்கு வந்தது, 1955இல் கிப்சன் கிட்டார் கொம்பனியில் சேத் லவர் இரைச்சல் நீக்கும் இரட்டைக் கொயிலுக்குக் காப்புரிமை கேட்டது என்று இரண்டு பக்கத்தையும் ஒரே கயிற்றில் கட்டினார். சில வேகங்களில் ஹன்டர் ஒருவித ஊளைச் சுரம் எழுப்பும், அதை ‘புளூ நோட்’ என்பார்கள் என்றார். சரி, அதையும் கேட்போம் என்று பதிவை நம் பெரிய அம்ப்ளிஃபயரில் போட்டார்.

வாகரையிலிருந்து வரும் சகோதரி அப்போது பின்மேசையில் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நம்மில் அவரைப் போல் சுத்தமாக ஈயம் வைக்கிறவர் இல்லை. சத்தம் எழுந்து இரண்டாவது கணம் அவர் மேசைக்கடியில் இருந்தார், சூடான அயன் கையோடு. யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் ஓடிப்போய் நிறுத்திவிட்டு, “தங்கச்சி, இது இங்க ஒருநாளும் பறந்ததில்லை” என்றார். “காதுக்குப் பெயர் தெரியாது அண்ணன்” என்று சொல்லிவிட்டு, அவர் வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து பற்றவைக்கத் தொடங்கினார். மணிக்கட்டில் சின்னச் சூட்டுக்காயம்.

பிழை என்னுடையது. விமானச் சத்தம் போடப்படும் என்று அறிவித்தலில் நான் எழுதவில்லை, எழுதத் தோன்றவும் இல்லை. மூத்தவரின் ஜெட் ஆசை சிறுவயதில் நூலகத்தில் பார்த்த சஞ்சிகைப் படங்களில் தொடங்கியது. குண்டுவீச்சு ஜெட்டுகளான கிபிர் 1996இலும் மிக்-27 2000இலும் இந்த நாட்டு விமானப்படைக்கு வந்த பின், போருக்குள் வளர்ந்தவர்களுக்கு முதலில் வந்தது சத்தம், படம் பிறகுதான். ஒக்டோபர் நிருவாக சபையில், விமானப் பதிவுகளை இனி ஹெட்போனில் மட்டும் கேட்பது என்று ஏகமனதாக முடிவானது.

ஏகமனதாகாதது அலுமாரியில் இருந்த கிபிர் மாடல். எடுக்க வேண்டும் என்று சிலர். அதை ஒட்டிய தம்பியோ, தானும் சின்ன வயதில் பங்கருக்குள் இருந்தவன்தான் என்றார். “மேல போனதைக் கேட்டிருக்கிறன், கண்டதில்லை. என்ன உருவம் எண்டு கையில வச்சுப் பார்க்கத்தான் செய்தன்.” 1:72 அளவில் அது ஒரு சாண் நீளம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அலுமாரியில் வைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. வாக்குகள் சரிபாதியாகின. சகோதரியிடம் கேட்டதற்கு, “என்னை வச்சு முடிவு எடுக்காதீங்க” என்றார். மாடல் இப்போது என் வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கிறது. இன்றைய நிகழ்ச்சி நிரலில் அது ஆறாவது விடயம். பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். வடைக்கு முன் அதை எடுப்பதா, பின் எடுப்பதா என்பதைத் தலைவர் சொல்ல வேண்டும்.

செயலாளர்