நினைவகப் பேங்க் மாறாத கேம் பாய் கேட்ரிட்ஜ்: ஐந்து மாத அலைச்சல் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுதான கேம் பாய் கேட்ரிட்ஜை மாற்றித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய்க்குச் சொந்தமாக கேம் எழுதத் தொடங்குவோருக்கென்று நீங்கள் விற்கும் பெட்டியை, அதாவது அழித்து எழுதக்கூடிய கேட்ரிட்ஜும் யுஎஸ்பி கருவியும் அடங்கியதை, கடந்த மார்ச் மாதம் 6,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு மின்னஞ்சல்கள், கணக்கில்லாத தொலைபேசி அழைப்புகள், சென்னைக்கு ஒரு பயணம் என்று அலைந்து ஓய்ந்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

32 கிலோபைட்டுக்குள் அடங்கும் எந்த கேமும் உங்கள் கேட்ரிட்ஜில் ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஓடுவதில்லை. பெரிய கேமை 'பேங்க்' எனப்படும் 16 கிலோபைட் பகுதிகளாகப் பிரித்து, தேவைப்படும்போது மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும்; அதைச் செய்யும் சிப் எம்பிசி5. பெட்டியின் மேல் எம்பிசி5, 1 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 2000 என்ற முகவரியில் பேங்க் எண்ணை எழுதியதும், 4000 முதல் அந்த பேங்கின் 16 கிலோபைட் தெரிய வேண்டும். எந்த எண்ணை எழுதினாலும் 1-ஆம் பேங்கே தெரிகிறது.

நான் எழுதியது பல்லாங்குழி. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்த அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குள், அவர் வாசிக்கும்படி தமிழிலேயே முடித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. 8-க்கு 8 புள்ளிக் கட்டத்தில் தமிழ் எழுத்துகள் அடங்காததால், 16-க்கு 16 கட்டத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து இரவெல்லாம் வரைந்தேன். ஓர் எழுத்துக்கு நான்கு டைல்கள் (8-க்கு 8 கட்டங்கள்), 64 பைட். 247 எழுத்துகளுக்கும் 15,808 பைட். ஒரு பேங்கை ஏறக்குறைய நிரப்பிவிடும் அவற்றை 2-ஆம் பேங்கில் வைத்தேன். கேம் பாயைப் போலவே கணினியில் இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் எல்லாம் சரியாக வருகிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய வேறு கேட்ரிட்ஜிலும் வருகிறது. உங்கள் கேட்ரிட்ஜைச் செருகினால் மட்டும், 'அ' வர வேண்டிய இடத்தில் 1-ஆம் பேங்கில் இருக்கும் குழியின் விளிம்பும் பாதிச் சோழியும் வந்து நிற்கின்றன.

இதை நேரில் காட்டவே, ஒரு நாள் சம்பளத்தை இழந்து, விழுப்புரத்திலிருந்து உங்கள் சென்னை சேவை மையத்துக்கு ரயிலேறி வந்தேன். காலை 11 மணிக்கு டோக்கன் வாங்கிய என்னை மாலை 3.30-க்குத்தான் அழைத்தார்கள். கவுண்ட்டரில் இருந்த இளைஞர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவே இல்லை. கேட்ரிட்ஜைச் செருகி, திரையில் சின்னம் இறங்கி வந்ததைப் பார்த்ததும் மேசை மேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "லோகோ வருதுல்ல, அப்புறம் என்ன? எழுதத் தெரியாதவங்க எல்லாம் இதை ஏன் வாங்குறீங்க?" என்று நான்கு பேர் முன்னிலையில் கேட்டார். கேம் பாயை இயக்கியதும் அது ஒப்பிட்டுப் பார்ப்பது கேட்ரிட்ஜின் தொடக்கத் தகவல்கள் இருக்கும் தலைப்புப் பகுதியிலுள்ள 48 பைட் சின்னத்தை. அந்தத் தலைப்பு இருப்பது, மாற்றாமலே எப்போதும் தெரியும் 0-ஆம் பேங்கில். சின்னம் வந்துவிட்டதால் பேங்க் மாறுகிறது என்று ஆகிவிடுமா? இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர் ஒருவரைக்கூட அங்கே உட்கார வைக்க முடியாதா?

அதற்கு முன்பே தொலைபேசியில் பேசியவர்கள் யுஎஸ்பி கருவிக்கான டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். பின்களை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னார்கள். இரண்டையும் மும்முறை செய்தேன். பேங்க் எண்ணைத் திரையில் காட்டும் சிறிய சோதனை நிரலை மே மாதமே அனுப்பியிருந்தேன். அதை யாராவது ஓட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை விளங்கியிருக்கும். சென்னையிலும் அதைக் காட்டுகிறேன் என்றேன். அந்த இளைஞர் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்.

அம்மாவின் பிறந்தநாள் ஜூலையில் கடந்துவிட்டது. அந்த நாளுக்காக நான் பட்ட இத்தனை மாதப் பாடு மண்ணாகிவிட்டது; எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது ஈடாகாது.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. 32 கிலோபைட் வரை உங்கள் கேட்ரிட்ஜில்தான் நான் இத்தொழிலையே கற்றேன் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பணிவுடன் கேட்கிறேன்: 15 நாட்களுக்குள், என் சோதனை நிரலை ஓட்டிச் சரிபார்த்த மாற்றுக் கேட்ரிட்ஜை உங்கள் செலவில் அனுப்புங்கள்; அந்த ஊழியரின் பேச்சுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பெட்டியின் விலையோடு 25,000 ரூபாய் இழப்பீடும் கோரி வழக்குத் தொடுப்பேன். ரசீது, டோக்கன் சீட்டு, ரயில் டிக்கெட் மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சோதனை நிரலை மீண்டும் ஒருமுறை இத்துடன் இணைத்துள்ளேன். இம்முறையாவது ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
விழுப்புரம்