முடியில்லா எலிகளை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முடியில்லா வளர்ப்பு எலிகளை இனப்பெருக்கம் செய்து விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 'முடி கிடையாது, அதனால் அலர்ஜி வராது' என்று விளம்பரம் செய்கிறீர்கள். எலியால் வரும் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் அதன் சிறுநீரிலுள்ள புரதம். முடி போனால் சிறுநீரும் நின்றுவிடுமா என்ன?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் எலிக்கு முடி ஏன் இல்லை? 'ரெக்ஸ்' என்னும் சுருள்முடி மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் முடி திட்டுத்திட்டாக உதிர்ந்து முளைக்கும். 'ஃபஸ்ஸி' வகை வேறு. ஆய்வகங்களில் வளர்ந்த அந்த வம்சத்தில் சிறுநீரக நோய் உண்டு, ஆண் எலிகளுக்கு அது கடுமை. 1953-இல் ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிலையத்தில் தென்பட்ட வகைக்கு, நோய் எதிர்ப்புக்குத் தேவையான தைமஸ் சுரப்பியே சரியாக உருவாவதில்லை. கிருமி அண்டாத கூண்டில்தான் அதை வைத்திருக்க முடியும். வளர்ப்பு எலிகளிலோ, நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி இல்லாதவை அபூர்வம். வெறும் தோலைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது.

எந்த வகையானாலும் குளிர் தாங்காது; உடற்சூட்டைக் காக்கவே கூடுதலாகத் தின்னும். இமைமுடி இல்லாத கண்ணில் தூசி விழும். கூட்டாளியின் நகக்கீறல் சீழ்க்கட்டியாகும். இவற்றை வாங்குபவர் சமாளித்துக்கொள்வார்: மெத்தென்ற துணி, தூசியில்லாத படுக்கை போதும். மீசை சுருண்டோ ஒடிந்தோ போன எலிக்கு மட்டும் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இருட்டில் அது வழி அறிவதே மீசையால்தான்.

சில வம்சங்களில் முடியில்லாத தாய்க்குப் பால் சரியாகச் சுரப்பதில்லை. தெரிந்தும் அதையே ஈனவிட்டு, பசித்துச் சாகும் குட்டிகளை 'பலவீனமான ஈற்று' என்று எழுதி முடிப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள். முடியில்லாமைக்கான மரபணுவைச் சுமக்கும், முடியுள்ள பெண்ணை ஆரோக்கியமான முடியில்லா ஆணோடு சேர்த்தால் ஈற்றில் முடியில்லாக் குட்டிகள் குறையலாம், பால் குறையாது. உங்களுக்கு அந்தக் கணக்குதான் கசக்கிறது.

பிரிட்டனின் தேசிய எலிச் சங்கம் முடியில்லா எலிகளைக் கண்காட்சியில் ஏற்பதில்லை. அமெரிக்கச் சங்கம் ஏற்கிறது. நான் அடியோடு தடை கேட்கவில்லை. இரண்டு, மூன்று வருடமே வாழும் பிராணியின் தாத்தா பாட்டி எந்த வயதில், எதனால் இறந்தன என்று குறித்துவைப்பது பெரிய வேலையில்லை. அடுத்த விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்திலேயே அதையும், எந்த மரபணு என்பதையும் எழுதுங்கள். எழுத முடியாத வம்சத்தில் குட்டி எடுப்பதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
முடியுள்ளதும் இல்லாததுமாக எலி வளர்ப்பவள்